சோப் பேஸ் இறுகவில்லையா? எதையும் சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

எண்ணெய், காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு), கிளிசரின் எல்லாம் சரியாக எடைபோட்டுக் காய்ச்சி, மோல்டில் ஊற்றி ஒரு நாள் முழுக்க விட்ட பிறகும் சோப் பேஸ், அதாவது பின்னால் உருக்கி வண்ணமும் வாசனையும் சேர்த்து வார்ப்பதற்கான சோப்புப் பாளம், ஈரக் களிமண் மாதிரி அமுங்குகிறது. மோல்டிலிருந்து எடுத்தால் ஓரம் வளைகிறது, கத்தியில் ஒட்டுகிறது. இந்த இடத்தில் பலரும் கைக்குக் கிடைத்த ஒன்றை, உப்போ மெழுகோ இன்னும் கொஞ்சம் காஸ்டிக்கோ, உள்ளே போட்டு மறுபடி உருக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழைவுக்கு நாலைந்து வெவ்வேறு காரணங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கெடுத்துவிடும். முதலில் காரணம், பிறகு கணக்கு, கடைசியில்தான் அடுப்பு.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்கள் பேஸ் உண்மையிலேயே குழைவாக இருக்கிறதா? உருக்கி ஊற்றும் சோப்பு எந்த நாளும் சாதாரணக் குளியல் சோப்பின் கடினத்துக்கு வராது. அதில் ரப்பர் போன்ற ஒரு நெகிழ்ச்சி இருக்கத்தான் செய்யும், நகத்தால் அழுத்தினால் தடம் விழும். கடையில் விற்கும் பேஸும் அப்படித்தான். ஒப்பிட வேண்டுமானால் உங்கள் பேஸிலும் கடை பேஸிலும் 2 செ.மீ. கனசதுரத் துண்டு ஒவ்வொன்று வெட்டி, ஒரே தட்டில் ஒரு இரவு வைத்து, காலையில் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி திரும்பி எழுந்தால் பேஸில் குறையில்லை. குழி அப்படியே நின்றாலோ, துண்டு பக்கவாட்டில் பிதுங்கினாலோ தொடர்ந்து படியுங்கள்.

இறுகுவது எது, இறுகவிடாமல் தடுப்பது எது

உருக்கி ஊற்றும் பேஸில் இரண்டு தரப்பு இருக்கிறது. ஒன்று சோப்பு, அதாவது எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களின் சோடியம் உப்பு. மற்றது அந்தச் சோப்பைக் கரைத்து வைத்திருக்கும் திரவங்கள்: தண்ணீர், கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால், சர்க்கரைப் பாகு, சில செய்முறைகளில் ஆல்கஹால். சூட்டில் சோப்பு இந்தத் திரவங்களில் கரைகிறது. ஆறும்போது மிக நுண்ணிய இழைப் படிகங்களாகப் பின்னி ஒரு வலையாகிறது, திரவம் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கிறது. மறுபடி உருக்க முடிவதும், கண்ணாடி மாதிரித் தெரிவதும் இதனால்தான்.

ஆகவே வலை மெலிந்தால் குழையும், வலைக்குள் திரவம் அதிகமானாலும் குழையும். வலையைத் தடிமனாக்குபவை ஸ்டியரிக், பால்மிட்டிக், லாரிக், மைரிஸ்டிக் அமிலங்கள். ஒலீயிக், லினோலீயிக், விளக்கெண்ணெயின் ரிசினோலீயிக் அமிலங்கள் தரும் சோப்பு எளிதில் கரையும், மென்மையாகவே நிற்கும். சோப்பாகாமல் மிஞ்சிய எண்ணெய் எந்தப் பக்கமும் சேராது. வலையின் இடுக்கில் புகுந்து வழுக்கிவிடும்.

ஒப்பிட ஒரு அளவு

எண்கள் இல்லாமல் பிழை தேட முடியாது. ஏறக்குறைய 1 கிலோ பேஸுக்கு இந்த அளவை வைத்துக்கொண்டு உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள்:

தேங்காய் எண்ணெய் 160 கிராம்
ஸ்டியரிக் ஆசிட் 160 கிராம்
விளக்கெண்ணெய் 80 கிராம்
காஸ்டிக் சோடா 63 கிராம் (முழுத் தூய்மைக் கணக்கில்)
காஸ்டிக்கைக் கரைக்க வடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) 130 கிராம்
கிளிசரின் 120 கிராம்
புரோப்பிலீன் கிளைகால் 150 கிராம்
சர்க்கரை 80 கிராம், அதைக் கரைக்க வடிநீர் 50 கிராம்

கூட்டினால் 993 கிராம். இதிலுள்ள 400 கிராம் கொழுப்பு சுமார் 420 கிராம் உலர் சோப்பாக மாறும். கூடவே எண்ணெய்களிலிருந்து 30 கிராம் அளவுக்குக் கிளிசரின் தானாகவே பிறக்கும். இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. மொத்தத்தில் சோப்பின் பங்கு 42 சதவீதம், கிளிசரினும் கிளைகாலும் சேர்ந்து 30 சதவீதம், தண்ணீர் 19 சதவீதம், சர்க்கரை 8 சதவீதம். ஸ்டியரிக் இவ்வளவு இருப்பதால் பேஸ் பளிங்குபோல் தெளிவாக வராது, லேசாகப் பனிபடர்ந்த மாதிரி இருக்கும். தெளிவு வேண்டுமென்று ஸ்டியரிக்கைக் குறைத்து விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் ஏற்றினால், அந்தத் தெளிவுக்கு விலையாகக் கடினத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் முழுமையாகப் பெறுவது வீட்டுக் காய்ச்சலில் கடினம்.

காஸ்டிக் கணக்கு: தேங்காய் எண்ணெய் ஒரு கிராமுக்கு 0.183, விளக்கெண்ணெய்க்கு 0.128, கடையில் கிடைக்கும் ஸ்டியரிக் ஆசிட்டுக்கு 0.148 கிராம். ஸ்டியரிக்குக்குச் சில பட்டியல்களில் 0.141 என்று இருக்கும். அது சுத்தமான ஸ்டியரிக்குக்கான எண். கடைச்சரக்கில் பால்மிட்டிக்கும் கலந்திருப்பதால் காஸ்டிக் சற்றுக் கூடுதலாக வேண்டும். சரக்கோடு வரும் தாளில் அமில எண் (acid value, ஒரு கிராமை முறிக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பது) கொடுத்திருந்தால் அதை 1403-ஆல் வகுங்கள். 208 என்றால் 0.148. இதில் பிழை நேர்ந்தால் பேஸ் பெரிதாகக் குழையாது, மங்கும். ஆனால் வேறு பிழைகளோடு சேரும்போது இதுவும் தன் பங்கைக் காட்டும்.

கைக்குச் சொல்லும் அடையாளங்கள்

பேஸைத் தொட்டும் வெட்டியும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அழுத்தினால் ரப்பர்போல வளைகிறது, உடையவில்லை, விரலில் ஈரப்பிசுக்கு இருந்தாலும் எண்ணெய்ப்பிசுக்கு இல்லை: கிளிசரினோ கிளைகாலோ அதிகம். விரலில் வழவழப்பு நிற்கிறது, காகிதத்தில் வைத்தால் எண்ணெய்க் கறை பரவுகிறது: கொழுப்பு முழுதாகச் சோப்பாகவில்லை. தட்டை அசைத்தால் துண்டு நடுங்குகிறது, வெட்டினால் வெட்டுமுகம் ஈரமாக மின்னுகிறது: தண்ணீர் மிஞ்சிவிட்டது. ஓரம் இறுகி நடு மட்டும் குழைகிறது: இன்னும் ஆறவில்லை, அல்லது ஆல்கஹால் உள்ளே சிக்கியிருக்கிறது. முதல் நாள் சரியாக இருந்து மூன்றாம் நாள் வேர்த்துப் பிசுபிசுக்கிறது: காற்றின் ஈரம். எத்தனை நாள் வைத்தாலும் பசைபோலவே கிடக்கிறது, உருவமே பிடிக்கவில்லை: டப்பாவில் இருந்தது காஸ்டிக் சோடாதானா என்று பாருங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொடுப்பது மென்சோப்பு. அதை எவ்வளவு காய்ச்சினாலும் கட்டியாகாது.

ஒரு அடையாளத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். அதிலும் எண்ணெய்ப்பிசுக்கையும் கிளிசரின் பிசுக்கையும் கை எளிதில் குழப்பிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் கையைக் கழுவுங்கள். கிளிசரின் உடனே போய்விடும், எண்ணெய் நிற்கும்.

கிளிசரின் மிஞ்சியிருந்தால்

வீட்டுப் பேஸ் குழைவதற்கு அடிக்கடி காரணமாவது இதுதான், தவறான வைத்தியம் நடப்பதும் இங்கேதான். "இன்னும் கொஞ்சம் நேரம் அடுப்பில் வைத்தால் சுண்டிவிடும்" என்று மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், எத்தில் ஆல்கஹால் 78-இல். புரோப்பிலீன் கிளைகாலுக்கு 188 டிகிரி வேண்டும், கிளிசரினுக்கு 290. சோப்புப் பாத்திரத்தில் நாம் ஒருபோதும் தொடாத சூடு இது. நீங்கள் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் போகும், கிளிசரினின் பங்கு இன்னும் ஏறும். கடைசியில் கிடைப்பது பழுப்பேறிய, ஒட்டுகிற ஒரு திரள். போட்ட கிளிசரினைத் திரும்ப எடுக்க வழியில்லை, சோப்பின் பங்கைத்தான் கூட்ட முடியும்.

கூட்டுவதற்குக் கணக்கு இப்படி. மேலே சொன்ன அளவில் கிளிசரின் 120-க்குப் பதில் 220 கிராம் விழுந்துவிட்டது என்று வையுங்கள். மொத்தம் 1093 கிராம், சோப்பு அதே 420. பங்கு 38 சதவீதமாக இறங்கிவிட்டது. இதைச் சரிக்கட்ட 65 கிராம் ஸ்டியரிக் ஆசிட்டும் அதற்குரிய 9.6 கிராம் காஸ்டிக்கும் வேண்டும். காஸ்டிக்கை 20 கிராம் வடிநீரில் கரைக்கிறோம். இதனால் புதிதாக 70 கிராம் சோப்பு சேரும். மொத்தம் 1188-இல் சோப்பு 490, அதாவது 41 சதவீதம். கரைத்த தண்ணீரில் கொஞ்சம் ஆவியானால் 42-ஐத் தொட்டுவிடலாம்.

செய்யும் விதம்: குழைந்த பேஸைத் துண்டுகளாக்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி உருக்குங்கள். 75 முதல் 80 டிகிரி வரட்டும். ஸ்டியரிக் ஆசிட்டைத் தனியே உருக்குங்கள். அதற்கு 70 டிகிரி போதும். உருகிய ஸ்டியரிக்கை முதலில் பேஸில் ஊற்றிக் கலக்குங்கள், பிறகு காஸ்டிக் கரைசலை மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே கிளறுங்கள். ஸ்டியரிக்கும் காஸ்டிக்கும் சந்தித்த உடனே சோப்பாகும், எண்ணெய்போலக் காத்திருக்காது. அதனால் வேகமாகக் கொட்டினால் வெள்ளைக் கட்டிகள் விழும். கட்டி விழுந்தால் பதற வேண்டாம். மூடி வைத்து அதே சூட்டில் 30 முதல் 45 நிமிடம் விட்டால் கரையும். மின்பிளெண்டர் வைத்து அடிக்காதீர்கள், நுரை சிக்கிக்கொண்டு பேஸ் முழுக்க வெண்மையாகிவிடும்.

முழுக்க ஸ்டியரிக் சேர்த்தால் நுரை சற்று மந்தமாகும். நுரை முக்கியமென்றால் பாதி ஸ்டியரிக், பாதி தேங்காய் எண்ணெய் என்று போடலாம். 33 கிராம் வீதம் எடுத்தால் காஸ்டிக் 10.9 கிராம். ஆனால் தேங்காய் எண்ணெய் சோப்பாக நேரம் எடுக்கும், குறைந்தது ஒரு மணி நேரம் சூட்டில் வைத்திருக்க வேண்டும். காஸ்டிக்கையே தொட விரும்பாதவர்கள் ஆயத்தமாகக் கிடைக்கும் சோடியம் ஸ்டியரேட் தூளை வாங்கலாம். கிலோவுக்கு 20 கிராமில் தொடங்கி, கொஞ்சம் கிளைகாலில் குழைத்துவிட்டுச் சேருங்கள். உலர்தூளாகப் போட்டால் மிதக்கும், கரைய மறுக்கும்.

சர்க்கரையும் இதே வகைதான், ஆவியாகாது. தெளிவுக்கு உதவுகிறதே என்று 15 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கையில் ஒட்டும், அதிகச் சூட்டில் பழுப்பேறும்.

எண்ணெய் முழுதாகச் சோப்பாகாவிட்டால்

காஸ்டிக் குறைந்திருக்கலாம், அல்லது அளவு சரியாக இருந்தும் வேலை முடிவதற்குள் அடுப்பை அணைத்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது அவசியம். முதலாவதுக்குக் காஸ்டிக் வேண்டும், இரண்டாவதுக்கு நேரம் மட்டும் போதும்.

காஸ்டிக் குறைவதற்கு வழிகள் பல. கடைச் சரக்கு பெரும்பாலும் 98 சதவீதத் தூய்மை. 63 கிராம் வேண்டுமென்றால் 64.3 எடுக்க வேண்டும். மூடி திறந்தே இருந்த டப்பாவில் காஸ்டிக் காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சிக்கொள்ளும். எடை காட்டும், வேலை செய்யாது. செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அதை இந்தப் பணிக்கு எடுக்காதீர்கள். தராசும் முக்கியம். ஒரு கிராம் படியில் காட்டும் சமையல் தராசில் இரண்டு மூன்று கிராம் தவறுவது சாதாரணம். 63-இல் 3 கிராம் என்பது 5 சதவீதம், அதாவது 20 கிராம் கொழுப்பு சோப்பாகாமல் நின்றுவிடும். 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் சிறிய அளவில் பேஸ் காய்ச்ச வேண்டாம் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து. கரண்டி, குவளை அளவுகளுக்கு இங்கே இடமே இல்லை.

சாதாரண குளியல் சோப்பில் தோலுக்கு மென்மை கிடைக்க 5 சதவீத எண்ணெயை வேண்டுமென்றே மிச்சம் வைப்பார்கள். அந்தப் பழக்கத்தைப் பேஸுக்குக் கொண்டுவருவதும் குழைவுக்கு ஒரு பெரிய காரணம். பேஸில் மிச்ச எண்ணெய் பூஜ்யத்திலிருந்து 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கிளிசரின் ஏற்கனவே ஏராளமாக இருப்பதால் தோல் வறளும் என்ற பயம் வேண்டாம்.

சோதனை: 10 கிராம் பேஸை 20 கிராம் கொதிநீரில், அதுவும் வடிநீரில், கரையுங்கள். சூடாக இருக்கும்போதே பாருங்கள். மேலே எண்ணெய்ப் பொட்டுகளோ கொழுப்புப் படலமோ மிதந்தால் சோப்பாகாத எண்ணெய் இருக்கிறது. ஆறிய பின் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். ஸ்டியரிக் சோப்பு ஆறும்போது முத்துப்போல வெளுத்துக் கட்டியாவது இயல்பு. குழாய்நீரும் கூடாது, அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து திரைந்து பொய் சொல்லும்.

அடுத்து, காஸ்டிக் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1 கிராம் பேஸை 10 மி.லி. ஆல்கஹாலில், வெந்நீரில் வைத்த சிறு குப்பியில் கரைத்து, பினாப்தலீன் (காரம் இருந்தால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) கரைசல் இரண்டு சொட்டு விடுங்கள். ஆல்கஹால் நெருப்பின் பக்கத்தில் வரக்கூடாது. அடர்ந்த இளஞ்சிவப்பு வந்தால் காஸ்டிக் இன்னும் மிச்சமிருக்கிறது. மேலே எண்ணெயும் மிதக்கிறது, இங்கே சிவப்பும் வருகிறது என்றால் இரண்டும் இன்னும் சந்தித்துக்கொள்ளவில்லை என்று பொருள். மூடி போட்டு 75 முதல் 80 டிகிரியில் இன்னொரு மணி நேரம் வைத்துக் கிளறினால் போதும். எண்ணெய் மிதந்து, நிறமும் வரவில்லை என்றால் காஸ்டிக் குறைவு. அப்போது 1 கிராம் காஸ்டிக்கை 2 கிராம் நீரில் கரைத்துச் சேர்த்து, அரைமணி காய்ச்சி, மறுபடி இரண்டு சோதனையும் செய்யுங்கள். ஒரேயடியாக 3 கிராம் ஊற்றுவதைவிட மூன்று முறை ஒவ்வொரு கிராமாக ஊற்றுவது மேல். லேசான இளஞ்சிவப்பு நிலையாக நின்றால் நிறுத்திவிடுங்கள்.

தாண்டிப் போய்விட்டால் எலுமிச்சை உப்பைத் தேட வேண்டாம். உருக்கிய ஸ்டியரிக் ஆசிட் 6.8 கிராம் 1 கிராம் காஸ்டிக்கை முறிக்கும், முறிக்கும்போதே பேஸை இறுக்கவும் செய்யும். காஸ்டிக் மிஞ்சிய பேஸைத் தோலில் போடக் கூடாது. நாக்கால் தொட்டுப் பார்க்கும் பழைய முறையையும் விட்டுவிடுங்கள்.

காஸ்டிக்கோடு வேலை செய்யும் ஒவ்வொரு முறையும், ஒரு கிராமாக இருந்தாலும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக் மேல் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் அறவே வேண்டாம். காஸ்டிக் அதை அரித்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

தண்ணீரும் ஆல்கஹாலும்

இவை இரண்டும் மட்டும்தான் சுண்டவைத்துச் சரிசெய்யக்கூடியவை. எவ்வளவு சுண்ட வேண்டும் என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, தராசு சொல்லும். காய்ச்சத் தொடங்கும் முன் காலிப் பாத்திரத்தின் எடையை அதன் அடியிலேயே அழியாத மையால் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, இப்போது பேஸை மட்டும் எடைபோடுங்கள். மேலே சொன்ன அளவில் காகிதத்தில் 993 கிராம் என்றால் காய்ச்சி முடித்தபின் 950 முதல் 960 கிராம் இருக்க வேண்டும். கிளறும்போது கொஞ்சம் ஆவியாகும் அல்லவா, அதுதான் வித்தியாசம். முழு நேரமும் இறுக மூடியே வைத்திருந்தால் ஒன்றுமே குறைந்திருக்காது. அந்த 40 கிராம் தண்ணீரே குழைவுக்குக் காரணமாகிவிடும்.

அகலமான பாத்திரத்தில், மூடி இல்லாமல், 75 முதல் 80 டிகிரியில் வைத்துப் பதினைந்து நிமிடத்துக்கொருமுறை கிளறி எடைபோடுங்கள். மேலே ஆடை படிந்தால் உள்ளே மடித்துவிடுங்கள். கொதிக்க விடாதீர்கள், குமிழும் நுரையும் உள்ளே போனால் வெளியே வராது. ஆல்கஹால் சேர்த்த பேஸானால் கேஸ் அடுப்பே வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரமும் மின்தட்டும், திறந்த சன்னலும் வேண்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து சென்று தொலைவிலுள்ள தீயையும் தொட்டுவிடும். ஆல்கஹால் பேஸ் முதல் வாரத்தில் குழைவாக இருப்பது இயல்பு என்பதையும் மறக்காதீர்கள். வாரக்கணக்கில் காற்றாட வைத்தால் தானே இறுகும். எடையை வாரம் ஒருமுறை குறித்துவந்தால் குறைவது நின்ற நாள் தெரியும்.

எண்ணெய்த் தேர்வு

கணக்கெல்லாம் சரி, எடையும் சரி, சோதனையிலும் எண்ணெய் மிதக்கவில்லை, ஆனாலும் குழைகிறது என்றால் எண்ணெய்க் கலவையைப் பாருங்கள். விளக்கெண்ணெய் மொத்தக் கொழுப்பில் 25 சதவீதத்தைத் தாண்டினால் பேஸ் ஒட்டத் தொடங்கும். ஆலிவ், சூரியகாந்தி, அரிசித்தவிட்டு எண்ணெய்களை முதன்மையாக வைத்து உருக்கி ஊற்றும் பேஸ் செய்ய முயன்றால், கரைப்பான்கள் சேர்ந்ததும் அவற்றின் சோப்பு எழுந்து நிற்காது. இவை சேர்ந்து 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மீதியைத் தேங்காய் எண்ணெய், பாமாயில், ஸ்டியரிக் ஆகியவற்றில் முடித்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிக் இல்லாமலே செய்வேன் என்பவர்கள் பாமாயிலில் பால்மிட்டிக் பாதிக்குச் சற்றுக் குறைவுதான், ஏறத்தாழ அதே அளவுக்கு ஒலீயிக்கும் இருக்கிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நல்ல பேஸ், உருக்கியபின் குழைந்தால்

காய்ச்சியபோது நன்றாக இருந்த பேஸ், வண்ணம், வாசனை, இன்னபிற சேர்த்து வார்த்தபின் குழைந்தால் குற்றம் பேஸிலில்லை. 500 கிராம் பேஸில் கூடுதல் எண்ணெயோ வெண்ணெய்க் கொழுப்போ 5 கிராமுக்கு மேல் வேண்டாம். வாசனை எண்ணெய் 5 முதல் 10 கிராம், எப்படியும் 15-ஐத் தாண்டக்கூடாது. தேன் ஒரு தேக்கரண்டி. பால், கற்றாழைச் சாறு போன்றவற்றைத் திரவமாக ஊற்றுவதுதான் பெரும்பாலும் தொல்லை. அவற்றைத் தூளாக வாங்கி, கொஞ்சம் கிளிசரினில் குழைத்துப் போடுங்கள். சாறும் விழுதும் பேஸைக் குழைய வைப்பதோடு சில நாளில் கெட்டும்போகும்.

வார்த்த அன்றே எடுத்துப் பார்ப்பதும் தவறு. 100 கிராம் கட்டிக்கு அறை வெப்பத்தில் ஆறு மணி நேரமாவது வேண்டும், பெரிய பாளத்துக்கு ஒரு நாள் முழுக்க. மோல்டிலிருந்து கழலவில்லையென்றால் ஃப்ரீசரில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வைத்து வெளியே எடுத்தால் காற்றின் ஈரமெல்லாம் அதன் மேல்தான் படியும்.

வேர்க்கும் பேஸ்

கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுடையது. மழைக்காலத்திலும் கடற்கரைக் காற்றிலும் கட்டியின்மேல் பனித்துளி போலச் சொட்டுகள் தெரியும், மேற்பரப்பு வழுவழுக்கும், உள்ளே வெட்டினால் நன்றாகவே இருக்கும். இதற்கு மறுபடி காய்ச்ச வேண்டியதில்லை. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் வைத்து, உடனே பிளாஸ்டிக் படலத்தில் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றுங்கள். பேஸை மொத்தமாக வைப்பதானால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அடுத்த முறை காய்ச்சும்போது கிளிசரினில் 20 அல்லது 30 கிராமைக் குறைத்துப் பார்க்கலாம்.

இவற்றைப் போடாதீர்கள்

சாப்பாட்டு உப்பு சாதாரணச் சோப்பை இறுக்கும், உண்மை. ஆனால் கரைப்பான் நிறைந்த பேஸில் அது சோப்பைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளும். பேஸ் மங்கும், நுரை குறையும். சோடியம் லாக்டேட்டும் பலர் கைகொள்வது. அது தானே ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால் வேர்க்கும் பேஸுக்கு உதவாது. தேன்மெழுகும் மெழுகுவர்த்தி மெழுகும் சோப்பாகாமல் கிடந்து நுரையை அமுக்கி, உருக்கும்போதெல்லாம் மேலே மிதக்கும். சோளமாவு, களிமண் தூள் ஆகியவை பேஸைக் கெட்டியாகக் காட்டுமே தவிர வலையைப் பலப்படுத்தாது. தண்ணீர் பட்டதும் கட்டி முதலில் கரைந்து குழைவது அந்த இடத்தில்தான்.

எந்தத் திருத்தம் செய்தாலும் முழுப் பாத்திரத்தில் செய்யாமல் முதலில் 100 கிராமில் செய்து பாருங்கள். ஒரு கரண்டி பேஸைக் குளிர்ந்த தட்டில் ஊற்றி, ஆறியபின் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து அழுத்தினால் பத்தே நிமிடத்தில் பதில் தெரியும். தட்டு குளிராக இருக்கும்போதே அழுத்திவிட்டு "இறுகிவிட்டது" என்று நினைக்க வேண்டாம். மூன்று முறைக்கு மேல் திருத்தியும் வராத பேஸில், காஸ்டிக் மிச்சமில்லை என்று சோதித்தபின், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் விட்டுக் கரைத்து ஆறவையுங்கள். கூழ்போலாகும். துணி துவைக்கவும் தரை கழுவவும் நன்றாகவே வேலை செய்யும்.